வெட்டுமுகப் பூட்டுகள்: பூட்டின் உள்ளே பார்ப்பதன் வரலாறு

வெட்டுமுகப் பூட்டு என்பது, உள்ளுறுப்புகள் கண்ணுக்குத் தெரியும்படி உடலின் ஒரு பகுதி வெட்டி நீக்கப்பட்ட பூட்டு ஆகும். வெட்டிய பிறகும் அது பூட்டாகவே இயங்க வேண்டும். சாவியை நுழைத்தால் உள்ளே எந்தத் துண்டு எவ்வளவு உயர்கிறது, எந்தக் கணத்தில் தடை விலகுகிறது என்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். தாவரவியல் வகுப்பில் செம்பருத்திப் பூவை நீளவாக்கில் பிளந்து சூலகத்தைக் காட்டுவது போன்றது இது. பிளந்த பூ வாடிவிடும். பிளந்த பூட்டு தொடர்ந்து வேலை செய்யும்.

இத்தகைய பூட்டுகளைச் செய்வதும் சேகரிப்பதும், சாவியில் உள்ள வெட்டுகளை அளந்து அதற்குரிய எண்ணைக் கண்டறிவதும் இன்று பல நாடுகளில் பொழுதுபோக்காக உள்ளன. இதைக் கேள்விப்படும் எவருக்கும் முதலில் ஓர் ஐயம் எழும். பூட்டின் இரகசியத்தை எல்லோருக்கும் திறந்து காட்டினால் அது திருடனுக்கு உதவியாகாதா? இந்த ஐயம் புதிதல்ல. 1851ஆம் ஆண்டில் இலண்டன் நகரமே இதைப் பற்றி வாதிட்டது. இந்தப் பொழுதுபோக்கின் வரலாறு பெரும்பாலும் அந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த விடைகளின் வரலாறு.

பூட்டு இயங்கும் விதம்

வரலாற்றுக்குள் போகும் முன், பூட்டின் இயக்கத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். நம் கடைகளில் விற்கும் பூட்டுகளின் மேல் "6 லீவர்", "7 லீவர்" என்று பொறித்திருப்பதைக் கவனித்திருப்போம். லீவர் என்பது பூட்டின் உள்ளே அடுக்கப்பட்ட மெல்லிய உலோகத் தகடு. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு திறப்பு வெட்டப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால் எல்லாத் திறப்புகளும் ஒரே நேர்க்கோட்டில் வரும். அப்போதுதான் தாழை நகர்த்த முடியும். ஒரு தகடு கொஞ்சம் குறைவாகவோ அதிகமாகவோ உயர்ந்தாலும் தாழ் நகராது.

கதவுகளில் பொருத்தும் உருளைப் பூட்டில் தகடுகளுக்குப் பதிலாகச் சிறு ஊசிகள் இருக்கும். சாவி நுழையும் உருளை ஒன்று, அதைச் சுற்றியுள்ள கூடு ஒன்று. இரண்டையும் ஊடுருவிச் செல்லும் துளைகளில் கீழ் ஊசி, மேல் ஊசி, அவற்றை அழுத்தும் சுருள்வில் ஆகியவை அடுக்கப்பட்டிருக்கும். சரியான சாவி நுழைந்தவுடன், கீழ் ஊசியும் மேல் ஊசியும் சந்திக்கும் இடம் எல்லாத் துளைகளிலும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும். உடனே உருளை சுழலும். இதைச் சொல்லில் விளக்கினால் மாணவருக்குப் பாதிதான் புரியும். வெட்டுமுகப் பூட்டை ஒரு முறை கையில் கொடுத்தால் விளக்கமே தேவைப்படாது.

மரப் பூட்டிலிருந்து கைவினைஞர் பூட்டு வரை

ஊசித் தத்துவம் மிகப் பழமையானது. பண்டைய எகிப்திலும் மேற்காசியாவிலும் மரத்தால் ஆன பூட்டுகள் புழங்கின. கதவின் குறுக்கே ஓடும் மரத்தாழில் துளைகள் இருக்கும். மேலிருந்து மரமுளைகள் அவற்றில் விழுந்து தாழைப் பிடித்துக்கொள்ளும். பல் துலக்கும் தூரிகை போன்ற ஒரு பெரிய மரச்சாவியை நுழைத்துத் தூக்கினால் முளைகள் மேலே எழும், தாழை இழுத்துவிடலாம். ரோமானியர் உலோகப் பூட்டுகளைச் சிறிதாகச் செய்தனர். விரலில் மோதிரமாக அணியும் சாவிகள் அவர்களிடம் இருந்தன.

இடைக்கால ஐரோப்பாவில் பூட்டுத் தொழில் கைவினைஞர் சங்கங்களின் கட்டுப்பாட்டில் இருந்தது. தொழில் கற்று முடித்தவர் ஒரு தேர்வுப் பூட்டைச் செய்து மூத்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பூட்டுகளில் பல, உள்ளியக்கம் வெளியே தெரியும்படி அமைந்தவை. பார்ப்பவர் வேலையின் நேர்த்தியை மதிப்பிட வேண்டும் அல்லவா? ஜெர்மனியின் நூரம்பர்க் நகரோடு சேர்த்துச் சொல்லப்படும் இரும்புப் பெட்டிகளில், மூடியின் உட்புறம் முழுவதும் பல தாழ்கள் கொண்ட ஒரே பூட்டாக இருக்கும். அதன் மேல் பூவேலை செய்த துளைத்தகடு பொருத்தியிருப்பார்கள். மூடியைத் திறந்தவர் அந்தத் துளைகளின் வழியே தாழ்கள் ஓடுவதைப் பார்க்கலாம். வெட்டுமுகப் பூட்டின் முன்னோடிகள் என்று இவற்றைக் கருதலாம். ஆனால் இவை பொதுமக்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சங்கத்தாரும் செல்வந்தரும் மட்டுமே பார்த்தவை.

பூட்டு செய்த அரசர்

பூட்டுத் தொழிலைப் பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகச் செய்தவர்களில் மிகவும் பெயர் பெற்றவர் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி. வெர்சாய் அரண்மனையில் தமக்கென ஒரு பட்டறை வைத்திருந்தார். பிரான்சுவா கமேன் என்ற பூட்டுத் தொழிலாளி அவருக்குப் பயிற்சி அளித்தார்.

புரட்சி வெடித்த பின் மன்னர் பாரிசில் உள்ள துய்லரி அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே மரப்பலகைச் சுவரின் பின்னால் ஓர் இரும்புக் கதவு போட்ட மறைவறையைக் கமேனின் உதவியோடு அமைத்து, இரகசியக் கடிதங்களை அதில் வைத்தார். 1792 நவம்பரில் கமேன் அமைச்சர் ரோலானிடம் சென்று அந்த மறைவிடத்தைக் காட்டிக்கொடுத்தார். அதிலிருந்து எடுக்கப்பட்ட கடிதங்கள் மன்னருக்கு எதிரான சான்றுகளாயின. 1793 சனவரி 21 அன்று அவர் கொல்லப்பட்டார்.

அந்த மறைவறையைக் காத்தது பூட்டின் வலிமையன்று. அது இருக்கும் இடம் சிலருக்கு மட்டுமே தெரியும் என்பதுதான். தெரிந்தவர்களில் ஒருவர் வாய் திறந்ததும் காப்பு முழுவதும் போயிற்று. இரகசியத்தை மட்டும் நம்பிய பாதுகாப்பின் குறை இதுவே.

சவால் பூட்டுகளின் காலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் நகரங்களும் வங்கிகளும் வளர்ந்தன. நல்ல பூட்டுகளுக்குத் தேவையும் வளர்ந்தது. 1778இல் இராபர்ட் பாரன் ஒரு புதிய லீவர் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் லீவரைத் தூக்கினால் மட்டும் போதாது. அளவுக்கு மேல் தூக்கினாலும் தாழ் நகராது. இன்றைய லீவர் பூட்டின் அடிப்படை இதுவே.

1784இல் ஜோசப் பிராமா உருளை வடிவச் சாவி கொண்ட ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். சாவியின் முனையில் வெவ்வேறு ஆழத்தில் பள்ளங்கள் இருக்கும். அவை பூட்டினுள் உள்ள சறுக்குத் தகடுகளை வெவ்வேறு தொலைவுக்குத் தள்ளும். 1790 முதல் இலண்டன் பிக்கடில்லி தெருவில் இருந்த அவரது கடையின் சன்னலில் 18 சறுக்குத் தகடுகள் கொண்ட ஒரு பூட்டு வைக்கப்பட்டிருந்தது. சாவியின்றி இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று அதன் மேல் எழுதியிருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பரிசை எவராலும் பெற முடியவில்லை.

1817இல் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நடந்த திருட்டைத் தொடர்ந்து, சிறந்த பூட்டுக்கு அரசு பரிசு அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் கண்டறி பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். வேறு கருவியால் திறக்க முயன்று ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் பூட்டு இறுகிக்கொள்ளும். உரியவர் வந்து தம் சாவியைப் போடும்போது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் சிறையில் இருந்த, தொழிலால் பூட்டு செய்பவரான ஒரு கைதிக்கு, இதைத் திறந்தால் விடுதலையும் 100 பவுண்டும் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு மூன்று மாதங்கள் முயன்றும் முடியாமல் அவர் கைவிட்டார்.

இவ்வாறு பிராமா, சப் ஆகிய இரண்டும் திறக்க முடியாத பூட்டுகள் என்று ஆங்கிலேயர் நம்பினர். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

1851: ஆப்சு வந்தார்

1851இல் இலண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை எழுப்பப்பட்டு, உலகப் பொருட்காட்சி நடந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த டே - நியூவெல் நிறுவனத்தின் பூட்டைக் காட்சிக்கு வைக்க ஆல்பிரட் சார்லஸ் ஆப்சு என்ற அமெரிக்கர் வந்திருந்தார். வங்கிகளுக்குப் பூட்டு விற்பது அவர் வேலை. பழைய பூட்டு நம்பத்தக்கதல்ல என்பதை வங்கி அலுவலர் கண் முன்னாலேயே திறந்துகாட்டி நிரூபிப்பது அவருடைய விற்பனை முறை.

சூலை 22 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு காப்பறைக் கதவில் பொருத்தப்பட்டிருந்த சப் பூட்டை, சாட்சிகள் முன்னிலையில் சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். பின்னர் அதே கருவிகளால் சில நிமிடங்களில் மீண்டும் பூட்டியும் காட்டினார். பூட்டுக்கு எந்தச் சேதமும் இல்லை.

அடுத்து பிராமா பூட்டு. நடுவர்கள் நியமிக்கப்பட்டனர், நிபந்தனைகள் எழுதப்பட்டன. அந்தப் பூட்டைத் திறக்க ஆப்சுக்கு 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. பூட்டோடு இணைத்து வைக்கும் கருவிகளை அவர் பயன்படுத்தினார் என்பதால் பிராமா நிறுவனத்தார் ஆட்சேபம் தெரிவித்தனர். நடுவர்களோ, ஆப்சு நியாயமாகவே வென்றார் என்று தீர்ப்பளித்தனர். 200 கினியும் அவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்தப் பூட்டு இன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆப்சு செய்தது மாயம் அல்ல. எந்தப் பூட்டையும் நூற்றுக்கு நூறு துல்லியமாகச் செய்ய முடியாது. தாழின் மேல் இலேசான அழுத்தம் கொடுத்தால் எல்லா லீவர்களும் ஒரே நேரத்தில் தடுப்பதில்லை. ஏதேனும் ஒன்று முதலில் இறுகும். கையின் தொடு உணர்வால் அதைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக நிலைப்படுத்துவதே அவர் முறை. இந்தச் சிறு வேறுபாட்டைப் புரிந்துகொண்டவருக்குப் பூட்டின் உட்புறம் மனக்கண்ணில் தெரிந்தது. வெட்டுமுகப் பூட்டு அதையே நம் புறக்கண்ணுக்குக் காட்டுகிறது.

காட்டலாமா, கூடாதா?

பத்திரிகைகளில் பெரும் விவாதம் எழுந்தது. பூட்டின் குறைகளை ஊரறியச் சொல்வது திருடருக்குப் பாடம் நடத்துவதாகும் என்றனர் ஒரு சாரார். 1853இல் ஆப்சின் குறிப்புகளைக் கொண்டு சார்லஸ் டாம்லின்சன் தொகுத்த பூட்டுகளின் அமைப்பு பற்றிய நூல் வெளிவந்தது. அதில் இந்த ஆட்சேபத்துக்கு நேரடியான விடை இருந்தது. திருடர் தம் தொழிலில் தேர்ந்தவர். நாம் கற்பிக்கக்கூடியதைவிட அதிகம் அவர்களுக்கு முன்பே தெரியும். பூட்டு பலவீனமானது என்பதை அறியாமல் இருப்பவர் அதை விலை கொடுத்து வாங்கிய நேர்மையான மனிதரே. எனவே உண்மையைச் சொல்வதால் பயன் பெறுபவர் அவரே என்பது அந்நூலின் வாதம்.

இந்த வாதம் ஆப்சையும் விட்டுவைக்கவில்லை. அவர் கொண்டுவந்த நியூவெல் பூட்டுக்குச் சூட்டப்பட்ட கிரேக்கப் பெயரின் பொருள் "பார்வைக்கு மறைக்கப்பட்டது" என்பதாகும். அந்தப் பூட்டையும் சில ஆண்டுகளில் லைனஸ் யேல் இளையவர் திறந்துகாட்டினார். பழைய எகிப்திய ஊசித் தத்துவத்தை எடுத்துக்கொண்டு, தட்டையான சிறு சாவி கொண்ட உருளைப் பூட்டை உருவாக்கி 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்றவர் இந்த யேல்தான். இன்று நம் வீட்டுக் கதவில் உள்ள உருளைப் பூட்டு அதன் வழித்தோன்றல். ஒரு பூட்டின் குறை வெளிப்பட்டதால்தான் அடுத்த பூட்டு பிறந்தது.

பின்னர் 1883இல் ஓகுஸ்த் கெர்க்காப்சு என்பவர் இராணுவ மறையெழுத்து பற்றி எழுதியபோது இதே கருத்தைக் கொள்கையாக வகுத்தார். முறை முழுவதும் பகைவர் கையில் அகப்பட்டாலும் பாதுகாப்பு கெடக் கூடாது. சாவி மட்டுமே இரகசியமாக இருக்க வேண்டும் என்றார். இன்றைய வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் கணினி மறையாக்கமும் இந்தக் கொள்கையின்படியே வடிவமைக்கப்படுகிறது.

சேகரிப்புகளும் அருங்காட்சியகங்களும்

உருளைப் பூட்டு பரவியபோது, அதன் சிறப்பை வாங்குபவருக்கு விளக்க விற்பனையாளருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. பாதி வெட்டிய மாதிரிகள் அதற்குப் பயன்பட்டன. தொழிற்பயிற்சி வகுப்புகளிலும் இவை பாடக் கருவிகளாயின. காலப்போக்கில் அந்த மாதிரிகளே சேகரிப்பாளர்கள் தேடும் பொருள்களாகிவிட்டன.

வங்கிக் காப்பறைப் பூட்டுத் தொழிலில் இருந்த ஜான் மாஸ்மன், தாம் சேர்த்த பூட்டுகளை 1903இல் நியூயார்க் நகரின் கைவினைஞர் - தொழிலாளர் பொதுச் சங்கத்துக்கு வழங்கினார். 370க்கும் மேற்பட்ட பூட்டுகளும் சாவிகளும் கருவிகளும் அதில் உள்ளன. ஜெர்மனியில் பூட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்ற வெல்பெர்ட் நகரிலும், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலும், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் டெரிவில் ஊரிலும் பூட்டுகளுக்கென்றே அருங்காட்சியகங்கள் உள்ளன. கிராட்ஸில் உள்ளது ஆன்ஸ் ஷெல் என்ற தனி மனிதரின் சேகரிப்பிலிருந்து வளர்ந்தது.

வெட்டுமுகப் பூட்டு செய்யும் முறை

பொழுதுபோக்காளர் பெரும்பாலும் பித்தளை உருளைப் பூட்டிலிருந்து தொடங்குவர். பித்தளை மென்மையானது, அரத்துக்கும் வாளுக்கும் எளிதில் வசப்படும். முதல் வேலை, பூட்டை முழுவதும் கழற்றி, ஊசிகளையும் சுருள்வில்களையும் வரிசை மாறாமல் எடுத்து வைப்பது. வரிசை மாறினால் பழைய சாவி பிறகு சேராது.

அடுத்து, எந்தப் பக்கம் சன்னல் வெட்ட வேண்டும் என்று முடிவு செய்து கோடிடுவர். இங்கேதான் கணக்கு தேவை. பல உருளைப் பூட்டுகளில் ஊசியின் விட்டம் சுமார் 2.9 மி.மீ. சன்னலை அதைவிட அகலமாக வெட்டினால் ஊசிகள் வெளியே விழுந்துவிடும். மிகக் குறுகலாக வெட்டினால் உள்ளே ஒன்றும் தெரியாது. ஆகவே ஊசி வெளியே வராத, ஆனால் அதன் அசைவு நன்றாகத் தெரியும் அகலமே சரி. கூட்டையும் உள் உருளையையும் ஒரே நேரில் வெட்டினால்தான் மேல் ஊசி, கீழ் ஊசி இரண்டும் சேர்ந்து தெரியும்.

சிலர் மில்லிங் இயந்திரத்தில் வெட்டுவர். இயந்திரம் இல்லாதவர் பட்டறைப் பிடியில் இறுக்கி, வாளாலும் அரத்தாலும் பொறுமையாகச் செய்வர். கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பித்தளைத் துகள் கண்ணில் பட்டால் ஆபத்து. வெட்டி முடித்தபின் துளைகளின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை ஊசி அரத்தால் நீக்காவிட்டால் ஊசிகள் சிக்கிக்கொள்ளும். புதியவர்களின் முதல் பூட்டு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தோற்கும். பிறகு மெருகேற்றி, ஊசிகளை மீண்டும் அடுக்கி, சாவியைப் போட்டுப் பார்ப்பர்.

லீவர் பூட்டில் மூடித் தகட்டை வெட்டினாலோ, அதற்குப் பதில் ஒளிபுகும் அக்ரிலிக் தகட்டைப் பொருத்தினாலோ போதும். 1921இல் ஆரி சோரஃப் தொடங்கிய மாஸ்டர் லாக் நிறுவனத்தின் அடுக்குத் தகட்டுப் பூட்டை வெட்டினால் காட்சி இன்னும் சுவையானது. எஃகுத் தகடுகள் புத்தகத்தின் ஏடுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தறையப்பட்டிருப்பது தெரியும்.

சாவியைப் படித்தல்

சாவியின் ஒவ்வொரு பள்ளமும் ஓர் எண்ணைக் குறிக்கிறது. தொழிற்சாலை தன் விருப்பம் போல் எந்த ஆழத்திலும் வெட்டுவதில்லை. வகுத்த படிகளில் மட்டுமே வெட்டும். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் ஷ்லேஜ் சாவிகளில் 0 முதல் 9 வரை பத்து ஆழங்கள் உண்டு. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வேறுபாடு 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. ஐந்து ஊசிகள் கொண்ட பூட்டுக்குக் கணக்கின்படி 10 × 10 × 10 × 10 × 10 = 1,00,000 சாவிகள் அமையலாம். அடுத்தடுத்த பள்ளங்களுக்கு இடையே மிகப் பெரிய ஏற்ற இறக்கம் இருக்க முடியாது என்பதால் உண்மையில் பயன்படும் எண்ணிக்கை குறைவு. வரிசை மாற்றங்களைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்த எண்களைக் கண்டறிவதே சாவியைப் படித்தல். படிப்படியாகக் குறுகும் பிளவு கொண்ட அளவுத் தகடோ, நுண்ணளவியோ இதற்குப் போதும். இதன் பயன் வெறும் ஆர்வத்தோடு நிற்பதில்லை. தேய்ந்த சாவியைப் பார்த்து இன்னொன்று வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து நகலாகும். அந்த நகலுக்கு நகல் எடுத்தால் பிழை இன்னும் கூடும். ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் செய்த பிழை அடுத்த சுவடியில் பெருகியதைப் போன்றதே இது. எண்ணைக் கண்டறிந்து அதன்படி புதிதாக வெட்டினால், தொழிற்சாலையிலிருந்து முதல் நாள் வந்த சாவியே மீண்டும் கிடைக்கும்.

சாவி போலவே சுழல் எண் பூட்டையும் படிக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமோசில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன் இதில் பெயர் பெற்றவர். இரகசிய ஆவணங்கள் வைத்த அலமாரிகள் திறந்திருக்கும்போது, பேச்சுவாக்கில் பூட்டைத் திருகிப் பார்த்தே கடைசி இரண்டு எண்களை அவர் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பூட்டில் ஓரிரு எண் தள்ளி வைத்தாலும் திறந்துவிடும் என்பதால், முதல் எண்ணுக்கு 100 முறை முயல வேண்டியதில்லை. 20 முறை போதும். ஓக் ரிட்ஜில் இருந்த ஓர் அதிகாரியிடம், அலமாரியைத் திறந்து போட்டுவிட்டு இருக்காதீர்கள் என்று அவர் எச்சரித்தார். அதிகாரி எடுத்த நடவடிக்கை என்ன தெரியுமா? ஃபைன்மன் உங்கள் அறைக்கு வந்திருந்தால் உடனே எண்ணை மாற்றுங்கள் என்று எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். ஆபத்து திறந்து கிடந்த அலமாரியில் இருந்தது. அவர் அதைச் சொன்ன மனிதரிடம் கண்டார்.

அண்மைக் காலத்தில் கண்ணாலேயே சாவி படிக்கப்படுகிறது. 2008இல் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மேசை மேல் கிடந்த சாவிகளை சுமார் 60 மீட்டர் தொலைவில் ஒரு மாடியிலிருந்து படமெடுத்து, கணினியால் அவற்றின் எண்களைக் கண்டறிந்தனர். 2014இல் வாசிங்டன் போஸ்ட் செய்தி ஒன்றில், அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிகளைத் திறக்கப் பயன்படும் பொதுச் சாவிகளின் படம் வெளியானது. அடுத்த ஆண்டே அந்தச் சாவிகளை முப்பரிமாண அச்சில் எடுக்கக்கூடிய கோப்புகள் இணையத்தில் உலவின. புது வீட்டுச் சாவியைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. சாவியைக் காட்டுவது கடவுச்சொல்லை எழுதிக் காட்டுவதற்குச் சமம்.

பொழுதுபோக்காளரின் ஒழுங்கு

1997இல் ஜெர்மனியின் ஆம்பர்க்கில், பூட்டுத் திறத்தலை விளையாட்டாகக் கொண்ட சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இதுபோன்ற சங்கங்கள் தோன்றின. இவற்றில் இரண்டு விதிகள் பொதுவானவை. உனக்குச் சொந்தமல்லாத பூட்டில், உரியவர் அனுமதியின்றிக் கை வைக்காதே. பயன்பாட்டில் உள்ள பூட்டில், அது உன்னுடையதே ஆனாலும், விளையாடாதே. வெட்டுமுகப் பூட்டு செய்பவருக்கு இந்த விதிகள் இயல்பாகவே பொருந்துகின்றன. வெட்டிய பூட்டு எந்தக் கதவையும் காக்கப் போவதில்லை. கற்பிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

1851இன் வாதம் இன்னும் ஓயவில்லை. 2003இல் மாட் பிளேஸ் என்ற கணினி ஆய்வாளர், பொதுச் சாவி முறையில் நெடுங்காலமாக இருந்த ஒரு பலவீனத்தை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ஒரே சாவியால் கட்டடத்தின் எல்லா அறைகளையும் திறக்கும் முறை அது. பூட்டுத் தொழிலாளர் பலர் சினம் கொண்டனர். இது எங்களுக்கு முன்பே தெரியும், ஏன் வெளியே சொன்னீர்கள் என்பது அவர்கள் கேள்வி. தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்கும் பணிபுரிந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஆப்சின் நூல் சுட்டிக்காட்டிய நிலைமை 150 ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படியே இருந்தது.

அவர்கள் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குறை தெரிந்தவுடன் புதுப் பூட்டு வாங்க எல்லோராலும் முடியாது. அதனால்தான் பொறுப்புள்ள பொழுதுபோக்காளர் புதிய குறையைக் கண்டால் முதலில் உற்பத்தியாளருக்குத் தெரிவித்து, திருத்தக் கால அவகாசம் கொடுத்துவிட்டுப் பிறகு வெளியிடுகின்றனர்.

திண்டுக்கல்லுக்கு ஒரு பாடம்

பூட்டு என்றதும் தமிழருக்கு நினைவுக்கு வருவது திண்டுக்கல். மாங்காய் வடிவில் இருப்பதால் பெயர் பெற்ற மாங்காய்ப் பூட்டு முதலாகப் பல வகைப் பூட்டுகள் அங்கே கையால் செய்யப்பட்டு வருகின்றன. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து வரும் மலிவான இயந்திரப் பூட்டுகளின் போட்டியால் தொழில் மெலிந்துவிட்டது. புதிய தலைமுறையினர் வேறு வேலைகளுக்குப் போகின்றனர்.

புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், கைப்பழக்கத்தைக் காக்காது. லீவரை எவ்வளவு அராவ வேண்டும், வில்லை எவ்வளவு வளைக்க வேண்டும் என்ற அறிவு முதிய தொழிலாளரின் விரல்களில் இருக்கிறது. அவரோடு அது போய்விடக் கூடாது. ஒவ்வொரு வகைப் பூட்டிலும் ஒன்றை வெட்டுமுகமாகச் செய்து, செய்தவர் பெயரோடும் உறுப்புகளின் பெயரோடும் ஒரு பள்ளியிலோ அருங்காட்சியகத்திலோ வைக்கலாம். அவ்வூர்த் தொழிலாளர் புழங்கும் சொற்களையே அதில் எழுத வேண்டும். சாவி என்ற சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தது. திறவுகோல் அதற்கு முன்பே நம்மிடம் இருந்தது. பட்டறைச் சொற்களைத் தொகுக்காமல் விட்டால் பொருளோடு சொல்லும் மறையும்.

பூட்டை மூடியே வைத்திருந்தவர்கள் அதன் குறையை நெடுங்காலம் அறியாமல் இருந்தார்கள். திறந்து பார்த்தவர்களே அடுத்த நல்ல பூட்டைச் செய்தார்கள். ஒரு பழைய பூட்டு, ஓர் அரம், சில நாள் பொறுமை இருந்தால் எந்த மாணவரும் இதைத் தம் கையாலேயே கற்றுக்கொள்ளலாம்.